மண்ணாட்கள் திரும்பிய திசை

மண்ணாட்கள் நானூறு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.

தவசிமுத்து லேப்டாப்பை அருகே இழுத்துப் பார்த்தான். எதிரிப் படை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. கோட்டைச் சுவர் பாதியில் நின்றது. ஆனால் மண் சுமந்தவர்கள், வேல் பிடித்தவர்கள், இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லாரும் திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டின் நிலம் அந்த ஓரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் இருந்தது அவன் வீட்டு அடுப்படி. மடவார் வளாகம் தெருவில் எட்டு வருடமாகக் குடியிருக்கும் வாடகை வீடு. உள்ளே அவன் மனைவி மாரிச்செல்வி கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையம் மில்லில் அவனோடு வேலை பார்க்கும் கௌதம்ராஜ்தான் இரண்டு மாதத்துக்கு முன்பு இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். மற்றப் போர் விளையாட்டுகளில் சிப்பாயைத் தொட்டு இடத்தைக் காட்டினால் போதும், அவன் போவான், சாவான். இதில் யாருக்கும் கட்டளையிட முடியாது. ஆடுகிறவன் மலை உச்சியில் இருக்கும் சாமி. நிலத்தை அதிர வைக்கலாம், நெருப்புக் காட்டலாம், மழை கொட்டலாம். அதைப் பார்த்து என்ன செய்வதென்று களிமண்ணால் ஆன அந்தக் குட்டி மண்ணாட்களே முடிவெடுப்பார்கள். லேப்டாப்பை மூடி வைத்தாலும் உள்ளே அவர்கள் பிழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

"சொன்ன பேச்சு கேக்காதுண்ணே. எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றான் கௌதம்ராஜ்.

தவசிமுத்துவுக்கு அதுதான் பிடித்திருந்தது. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன். கடைசி வருடம் பனிமலையில், வயர்லெஸ்ஸில் வந்த உத்தரவை ஐந்து பேருக்கு எடுத்துச் சொன்னது அவன்தான். போனார்கள். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மில்லில் வாட்ச்மேன் வேலை முடிந்து வந்தால், சாயங்காலம் முழுக்க மண்ணாட்கள் தாங்களாகவே வீடு கட்டுவதையும் சண்டை போடுவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் மட்டும் மூச்சு லேசாக வரும்.

மாரிச்செல்வி துணி எடுக்க முற்றத்துக்குப் போனாள். நானூறு தலைகளும் மெல்ல அவள் போன பக்கம் திரும்பின. துணியோடு அவள் அடுப்படிக்குத் திரும்பியபோது தலைகளும் திரும்பின.

பயப்பட வேண்டுமென்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. அடுத்து என்ன செய்வார்கள் என்று பார்க்கத்தான் தோன்றியது.

அடுப்படி வாசலில் மாரிச்செல்வி தலை நீட்டினாள். கையெல்லாம் மாவு.

"ஏங்க, யாரோ எம் பேரச் சொல்லி கூப்பிடுத மாதிரி இருக்கு. ஒங்களுக்குக் கேக்குதா?"

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. திரையில் நானூறு வாய்களும் ஒன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்" என்றான்.

அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மண்ணாட்கள் நடக்கத் தொடங்கினார்கள். வரிசையாக வந்து, இடது ஓரத்தைத் தொட்டதும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். எதிரிகளும் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு வரிசையின் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கிரைண்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்கு அடியில் ஈரத்தரையில் புளியங்கொட்டைகளைக் கொட்டி உருட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்து, அடுப்படி முழுக்கப் பரவி, நின்றது. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. கண்மாய்க்கரையில் வெட்டிய களிமண்ணின் வாசம் வீட்டுக்குள் வந்தது.

திரையில் ஒருவரும் இல்லை.

"மாரி" என்றான்.



எழுந்து போனான். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. மாவு வழிந்து தரையில் இறங்கியிருந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. மாவில் காலடித் தடங்கள். ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. ஐந்து விரலும் தெளிவாக. எல்லாம் சுவரை நோக்கிப் போய், சுவரில் முடிந்தன.

அவளுடைய தடம் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தான். உட்கார்ந்தான்.

இடது ஓரத்திலிருந்து மண்ணாட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோள் மேல் நீளமாக எதையோ தூக்கி வந்தார்கள். கோட்டை நடுவில் இறக்கினார்கள். நிறுத்தினார்கள். ஊதாப் புடவை. மாவு காயாத கைகள்.

குழைத்த மண்ணைப் பாதத்தில் பூசத் தொடங்கினார்கள்.

அவள் தலையைத் தூக்கி நேராக அவனைப் பார்த்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மண் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு.

"விடுங்கலே" என்றான் தவசிமுத்து. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் இட்ட முதல் கட்டளை. ஒருவரும் நிமிரவில்லை.

நிலத்தை அதிர வைத்தான். அசையாமல் நின்றார்கள். நெருப்புக் காட்டினான். அதன் வெளிச்சத்தில் பூசினார்கள். கடைசியாக மழையைக் கொட்டினான். மண் கரைந்துவிடும் என்று நினைத்தான்.

மண்ணாட்கள் நன்றியோடு அவனை நோக்கிக் கும்பிட்டார்கள். மழைநீரை இரு கையிலும் ஏந்தி, காய்ந்த மண்ணில் ஊற்றி, இன்னும் பதமாகக் குழைத்தார்கள்.

கழுத்து வரை ஏறியது. கன்னம் வரை.

மழையில் நனைந்த முகம் மட்டும் மேலே பார்த்திருந்தது. வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஒருவன் ஏணி வைத்து ஏறினான். ஒரு கை மண் எடுத்தான்.