வடக்கு வாசலைத் திறந்தது யார்?

மூன்றாவது தடவை பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு பத்து விநாடி மௌனம் இருக்க வேண்டும். பதிவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மௌனத்துக்கு நடுவில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பேசப் போகிற ஆள் இழுக்கிற மூச்சு அது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நீதிமன்றத்தில் தட்டச்சராக உட்கார்ந்து, சாட்சி வாயைத் திறப்பதற்கு முன்பே விரலைத் தயாராக வைத்துப் பழகியவளுக்கு, எந்த மூச்சு பெருமூச்சு, எந்த மூச்சு பேச்சு என்று தெரியாதா என்ன? ஊரார் பேச்சையெல்லாம் எழுதி எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அவள் பேச்சைக் கேட்க அங்கே ஒரு நாதியும் இல்லை. அவள் பேச்சைக் கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

'எரிமலைக் குடிகள்' என்று ஆறு பாகம் வந்திருக்கிற பெருங்கதை. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு தடிமன். அதன் வாசகர் குழுவைத் தொடங்கியவள் அவள்தான். பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் இருபது முப்பது பேர் கணினி வழியாக, முகம் காட்டாமல் குரலால் மட்டும் கூடி, எந்த இளவரசன் யாருக்குப் பிறந்தான், எந்த வாள் எந்தக் கிணற்றில் கிடக்கிறது என்று குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். "கல்யாணம் காட்சின்னு எதையும் பாக்காம கதைப் புத்தகத்துக்கு வாழ்க்கைப்பட்டுட்டா" என்று தங்கச்சி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். குழுவில் எல்லாருக்கும் அவள் 'அக்கா'. அக்கா சொன்னால் சொன்னதுதான்.

ஒருத்தனைத் தவிர. அவன் ஆந்தை. பஸ் டிப்போவில் ராத்திரிக் காவல் வேலை பார்த்தவன், விடிய விடிய எழுதுவான், அதனால் அந்தப் பேர்.

நாலாம் பாகத்தில் விடியற்காலையில் கோட்டையின் வடக்கு வாசல் திறந்து கிடக்கிறது. எதிரிகள் உள்ளே வந்து ஊரையே வெட்டிச் சாய்க்கிறார்கள். திறந்தது யார் என்று கதையில் இல்லை. கடைசி இளவரசிதான் திறந்தாள் என்பது அவளுடைய கட்சி. அதற்கு அவள் எழுதிய கட்டுரை நாற்பது பக்கம். இளவரசியின் வளையல் எத்தனை, அன்று நிலா எந்தப் பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. இப்போது பதிப்பகத்தார் இந்தக் கதைக்கு ஒரு கையேடு போடுகிறார்கள். முடிவாகிப்போன விவாதங்கள் மட்டும் அதில் வரும், எழுதினவர் பேரோடு. முதல் அத்தியாயம் வடக்கு வாசல். அவள் பேர் அச்சில், முதல் பக்கத்தில். நாற்பத்தேழு வயதில் அவளுக்கென்று வரப்போகிற ஒரே காரியம்.

முடிவாகவேண்டும் என்றால் ஆந்தை தன் மறுப்பை வாபஸ் வாங்க வேண்டும். இல்லையென்றால், கூட்டத்தில் அவன் பேரை மூன்று முறை கூப்பிட்டு, பதில் வராமல் போக வேண்டும். நீதிமன்ற வாசலில் டவாலி கூப்பிடுவதைப் பார்த்து அவளே கொண்டுவந்த விதி அது. கூப்பிடுவதைப் பதிவு செய்து வைப்பதும் அவள் போட்ட விதிதான்.

இன்றைக்கு நாலரை மணிக்குக் கூப்பிட்டாள். ஆந்தை, ஆந்தை, ஆந்தை. பதில் இல்லை. முடிந்தது.

அவன் செத்து ஐந்து வாரம் ஆகிறது. அது குழுவில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் பெண்டாட்டி போன் பண்ணினாள். "அக்கா, அவரு போயிட்டாருக்கா. தொண்டையில வந்த நோவு. ஒரு வருஷமாவே பேச்சு இல்ல, குழுவுக்குத் தெரிய வேணாம்னுட்டாரு. கடைசியா உங்களுக்கு ஒண்ணு எழுதிவச்சிருக்காரு, அனுப்புறேன். எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்கக்கா."

"சொல்லிடுறேன்மா" என்றாள். சொல்லவில்லை. சொன்னால் துக்கம் கொண்டாடுவார்கள், செத்தவன் மறுப்பு அப்படியே நிற்கட்டும் என்பார்கள், அழுமூஞ்சிக் கூட்டம். அதைவிடப் பெரிய காரணம் அவன் எழுதிவைத்திருந்த கடிதம். அதில் கதையிலிருந்து ஒரே ஒரு வரி. இரண்டாம் பாகம், முந்நூற்றுப் பதினோராம் பக்கம்: கொல்லன் வடக்கு வாசல் தாழ்ப்பாளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மழை விட்டதும் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று போகிறான். போனவன் எந்தப் பாகத்திலும் திரும்பி வரவில்லை. கீழே ஆந்தை எழுதியிருந்தான்: 'யாரும் திறக்கவில்லை அக்கா. அது மூடவே இல்லை.'

அதைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை. அவன் சொன்னதுதான் சரி. நாற்பது பக்கமும் குப்பை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அந்தக் கடிதத்தை ஏதோ ஒரு கோப்புக்குள் போட்டு மூடினாள்.

அதெல்லாம் போகட்டும், இப்போது இந்த மூச்சு. யாராவது ஒலிவாங்கியை அணைக்க மறந்திருப்பார்கள், கரடியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழுவில் கரடி என்ற பேரில் இருப்பவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், எந்நேரமும் புஸ்புஸ் என்று இரைக்கிறவன். காதில் கேட்பானை அழுத்திக்கொண்டு இன்னொரு தரம் ஓடவிட்டாள். வெளியே மழை பிடித்திருந்தது; கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் வழிந்து, தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் மேஜையில் சுவரோரம் அடுக்கியிருந்த ஆறு தடித்த புத்தகங்களின் மேல் நெளிந்து நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது, அந்த அமைதியில் அவளுடைய சொந்தக் குரல் காதுக்குள் மூன்று தரம் கூப்பிட்டு ஓய்ந்தது.

மூச்சு இந்தத் தடவை நீளமாக இருந்தது.

மறுபடி போட்டாள். இன்னும் நீளம். பத்து விநாடியும் மூச்சாகவே இருந்தது. ஈரமான, சளி குறுகுறுக்கிற, ஓட்டை வழியாகக் காற்று போகிற மாதிரியான மூச்சு. எந்த மனுஷனும் ஒரே இழுப்பில் அவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியாது. அப்படி இழுத்தால் எவ்வளவு பேச வேண்டியிருக்கும்?

அந்தப் பகுதியை வெட்டி எறிந்தாள். வெறும் மௌனத்தை ஒட்டினாள். போட்டுக் கேட்டாள். மௌனம் சுத்தமாக இருந்தது. மூச்சு இப்போது அவள் குரலுக்கு அடியில் இருந்தது. 'ஆந்தை' என்று அவள் கூப்பிடுகிற சொல்லுக்கு அடியிலேயே இழுத்துக்கொண்டிருந்தது.

கேட்பானைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். போட்ட பிறகும் கேட்டது.

அறையில் ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரிப் பஞ்சு, மருந்து, அதோடு வெகுநாள் மூடிக் கிடந்த வாயைத் திறந்தால் வருகிற வாடை. ஜன்னலைத் திறந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது, வாடை போகவில்லை. "சீ, என்னடி இது, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். தன் குரல் கேட்டதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

டொக். டொக். டொக்.

மூன்று தட்டு. பேச்சு போன பிறகு ஆந்தை கூட்டத்துக்கு வந்து அப்படித்தான் ஒலிவாங்கியைத் தட்டுவான். மறுக்கிறேன் என்று அர்த்தம். ஏன் பேசாமல் தட்டுகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை, குறும்பு என்று சிரித்தார்கள். அவன் கடைசியாக வந்த கூட்டத்தில் விடாமல் தட்டினான். "யாரோட லைன்லயோ இரைச்சலா இருக்குப்பா" என்று சொல்லி அவள்தான் அவன் ஒலியை அணைத்தாள். அதற்குப் பிறகும் திரையில் அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு ஒரு மணி நேரம் எரிந்துகொண்டே இருந்தது.

டொக். டொக். டொக்.

கதவு இல்லை. ஜன்னல் இல்லை. பக்கத்து வீடு இல்லை. இங்கேதான். இந்த மேஜையில்தான். மெல்லக் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல், ஒலிவாங்கியைத் தட்டிக்கொண்டிருந்தது.

இடது கையால் அதைப் பிடித்து அழுத்தினாள். பிடிக்குள்ளேயே துடித்தது.

அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கடிதத்தைக் குழுவில் போட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு பொத்தான். கோப்பைத் திறந்தாள். கடிதம் வந்தது. 'அது மூடவே இல்லை.' அந்தச் சாளரத்துக்குப் பின்னால் கையேட்டின் முதல் பக்கம் தெரிந்தது. பதிப்பாசிரியர் காலையில் அனுப்பிய மாதிரிப் பக்கம் அது. வடக்கு வாசல். கீழே அவள் பேர், நல்ல கருப்பு எழுத்தில். பதினாறு வருஷம். நீ செத்துப்போனாய், உனக்கு எதற்கடா பேர்? எனக்கு என்ன இருக்கிறது இதை விட்டால்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கடிதத்தை அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள்.

விரல் நின்றது. வாடை நின்றது. மழைச்சத்தம் மட்டும்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். பதிவு பாழாகிவிட்டது, அதனால் என்ன? எல்லாரையும் இன்னொரு தரம் கூப்பிட்டுச் சுத்தமாகப் பதிவு செய்துகொண்டால் போயிற்று. 'பதிவில் கோளாறு, ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் வாங்கப்பா' என்று போட்டாள். அக்கா கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? ஏழு மணிக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். பதிப்பாசிரியரும் வந்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிவாங்கியைத் திறந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள்.

"அண்ணே?" என்றாள் சுண்டெலி, மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். "ஆந்தை அண்ணே! நீங்களா? குரலக் கேட்டு எத்தன நாளாச்சு!"

"யோவ், எங்கய்யா போயிருந்தே?" என்று கரடி கத்தினான். "செத்துக்கித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்!"

இல்லை, நான்தான், அக்கா பேசுகிறேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வாய் சிரித்தது. ஆம்பளைச் சிரிப்பு. திரைக் கண்ணாடியில் நிழலாகத் தெரிகிற தன் முகத்தைப் பார்த்தாள். அதன் மேல், அவள் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆந்தை' என்று இருந்தது. உதடுகள் அவளுடையவைதான். அவள் அசைக்கவில்லை.

"ரெண்டாம் பாகம் எடுங்க" என்றது வாய். "முந்நூத்திப் பதினொண்ணு."

இருபத்தாறு வீட்டில் பக்கம் புரள்கிற சத்தம். வாய் அந்த வரியைப் படித்தது.

"அட, இவ்வளவுதானா!" கரடி விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா அக்கா நாப்பது பக்கம் எழுதி நம்ம உசுர எடுத்தாங்க?" எல்லாரும் சிரித்தார்கள்.

"அக்கா எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. விடுங்கப்பா. அவங்க இல்லாம இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு."

இங்கேதான் இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன் பாவிகளா. பல்லைக் கடிக்கப் பார்த்தாள். தாடை கேட்கவில்லை. கையால் வாயைப் பொத்தப் பார்த்தாள். கை மடியிலிருந்து எழவில்லை.

"சரிங்க ஆந்தை, முதல் அத்தியாயம் உங்க பேர்லயே போட்டுடுறேன்" என்றார் பதிப்பாசிரியர்.

"போடுங்க" என்றது வாய். "இன்னும் இருக்கு. எல்லாத்தையும் சொல்லிடுறேன். ஒரு வருஷமாச் சேத்து வச்சிருக்கேன். முதல் பாகம், முதல் பக்கத்துலேர்ந்து வருவோம்."

வந்தார்கள். எட்டு மணி வரைக்கும் ஆசையாகக் கேட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "சாப்பிடணும் அண்ணே", "காலையில டியூட்டி அண்ணே" என்று கிளம்பினார்கள். சுண்டெலி மட்டும் ஒன்பது வரைக்கும் இருந்தாள். "ரொம்ப சந்தோஷம்ணே, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

கூட்டத்தில் இருப்பவர்: ஒருவர்.

வாய் நிறுத்தவில்லை. தொண்டை காய்ந்து உதடு வெடித்துவிட்டது. மேஜையில் தண்ணீர் இருக்கிறது, ஒரு சாண் தூரம். மூச்சு வேண்டும், ஒரே ஒரு மூச்சு. வாய் கொடுக்கவில்லை, சாயங்காலம் இழுத்த அந்த மூச்சு இன்னும் தீரவில்லை. வலது கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் நாக்கைத் தொட்டு, எதிரே விரிந்து கிடந்த முதல் பாகத்தின் பக்கத்தைப் புரட்டியது. பக்கத்தின் மூலையில் ரத்தம் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

"பதினாலாம் பக்கம்" என்றது வாய்.