பாதுகாப்பு மேடை

திருச்செங்கோட்டுக்கு வெளியே கரட்டுக் குன்றின் அடியில் இருக்கும் அந்தப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியை ரஞ்சனி வந்து அதிக நாளாகவில்லை. வான்நோக்கு இரவில் ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழக்கூடாது, விழுந்தால் வேலை போகும் என்று தாளாளர் தனபால் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. போன வருடம் இதே விழாவில்தான், கூட்டிப் பெருக்கும் கண்ணாத்தாளின் மூன்று வயது மகள் மதுமதி காணாமல் போனாள். யாரோ தூக்கிப்போய்விட்டதாகத் தாளாளர் சொன்னார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. அடுத்த வாரமே மைதானத்து மூலையில், தண்ணீர் வராத போர்வெல் குழி இருந்த இடத்தில், ‘பாதுகாப்பு மேடை’ எழும்பியது.

மேடையில் ஃப்ளெக்ஸ். அதில் நிலா எலுமிச்சை அளவு, தனபால் பூசணி அளவு. நட்சத்திரம் பார்க்க வந்த பிள்ளைகள், கண் கூசும் ஃபோகஸ் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் அவர் உரையைக் கேட்டார்கள். ஓடாதே, தனியாகப் போகாதே, பாம்பு இருக்கும், கண் கூசாமலிருக்க டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டு. நாலு மாநிலத்தில் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர், குழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருவழியாக விளக்குகள் அணைந்தன. கரடு இருட்டுக்குள் போனது. மழையே இல்லாமல், மேடைப் பக்கமிருந்து ஈர மண் வாசனை வந்தது.

தொலைநோக்கியில் முதலில் கண் வைத்தவன் அன்பு. களுக்கென்று சிரித்தான்.

“இதுக்குள்ளயுமா மிஸ் கரஸ்பாண்டன்ட் சார் போட்டோ?”

வரிசையே சிரித்தது. ரஞ்சனியும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தாள்.

வட்டமாக ஒரு துண்டு வானம். நாலைந்து நட்சத்திரங்கள். வட்டத்தின் விளிம்பில் தனபாலின் முகம், கையில் டார்ச்சோடு, மேலிருந்து எட்டிப் பார்த்தது.

நிமிர்ந்தாள். தனபால் தூரத்து நாற்காலியில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

மறுபடி குனிந்தாள்.

அந்த முகம் பின்னால் திரும்பி யாரிடமோ எதையோ சொன்னது. டார்ச் அணைந்தது.

மண் விழத் தொடங்கியது.

இமையில் உறுத்தியது. தொட்டுப் பார்த்தாள். செம்மண்.

“நீங்களே பாருங்க சார்” என்று அவரைக் கூப்பிட்டாள். போட்டோக்காரனை அருகில் நிறுத்திக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கண்ணை வைத்தார்.

தொலைநோக்கிக் குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல். மழலை.

“சாரு... லைட்டு அணைக்காதீங்க.”

டீ ஊற்றிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் நிறுத்தவில்லை. டம்ளர் நிரம்பி, சூடாக அவள் கையில் வழிந்துகொண்டே இருந்தது.

தனபால் மெல்ல நிமிர்ந்தார். “லென்சுல தூசிங்க டீச்சர். மூடி வைங்க. பிள்ளைங்க பாதுகாப்புதான் முக்கியம்.”

மறுநாள் ரஞ்சனி காவல் நிலையம் போனாள். தொலைநோக்கியில் பார்த்ததெல்லாம் சாட்சி ஆகாது என்றார்கள். சுவரில் தனபால் உபயம் செய்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பயமுறுத்தினாள் என்று அவள் வேலை போனது. மேடைக்கு மேலும் ஒரு அடி கான்கிரீட் விழுந்தது. பள்ளிக்குப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

சாவியை ஒப்படைக்கப் போன காலையில் ரஞ்சனி பார்த்தாள். தொலைநோக்கியைப் பூட்டி வைத்த பீரோவுக்கு அடியில், கைப்பிடி அளவு ஈரச் செம்மண். தினமும் இப்படித்தான் கிடக்கிறது என்றாள் கண்ணாத்தாள். கூட்டி அள்ளினாள். குப்பையில் கொட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, முடிச்சைத் தடவிக்கொடுத்தாள்.

“வா சாமி, ஊட்டுக்குப் போலாம்.”

முடிச்சு மெல்ல அசைந்தது.