அட்வான்ஸ் வாங்கியவரைக் காணோம்!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காலையில் அடிக்கிற போன் நல்ல சேதி சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. டீ வேறு இன்னும் வரவில்லை.

அது விடுவதாக இல்லை. அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது!

எடுத்தார்.

"சார்..." பெண் குரல். மூச்சு வாங்கியது. "பட்டறையில ரத்தம் சார்! தரையெல்லாம் ரத்தம்! என் வீட்டுக்காரரைக் காணோம்!"

"எந்தப் பட்டறைம்மா?"

"வயலின் பட்டறை..."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பட்டறையைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. கையாலேயே வயலின் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவரிடம் ஒரு வயலின் வேண்டுமென்றால் அட்வான்ஸ் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காதலிக்கும்போது அட்வான்ஸ் கட்டியவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எதையும் தொடாதீங்கம்மா. வர்றோம்."

பட்டறை, வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை. மரத்தூள் வாசனை. பசைச் சட்டி ஆறிப்போய்க் கிடந்தது.

தரையில்... ரத்தம்!

அதன் நடுவே ஓர் உளி. ரத்தம் பின்கதவு வரை சொட்டுச் சொட்டாகப் போய், அதைத் தாண்டி இருந்த கால்வாய்க் கரையில் நின்றது. கரையில் மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கம் உடைந்திருந்தது.

"உடம்பைத் தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும் சார்" என்றார் ஏட்டு.

"தேடச் சொல்லு. பரணைப் பார்த்தியா?"

"ஏறிப் பார்த்தேன் சார். மரப்பலகையைக் காய வச்சிருக்காங்க. கூரை வரைக்கும் அடுக்கு. எலி நுழையவே இடமில்ல." ஏட்டு மூன்று முறை தும்மினார்.

மேஜை மேல் ஒரு வயலின் கிடந்தது. புது வார்னிஷ். புதுத் தந்திகள். ஏட்டு போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். கை சும்மா இருக்குமா? ஒரு தந்தியைச் சுண்டினார்.

டொய்...ங்!

"ஐயய்யே... சுருதி கேவலமா இறங்கிக் கிடக்கு சார்."

"யோவ்! எதையும் தொடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீ இங்க கச்சேரி பண்றியா?"

மாஸ்டரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"அட்வான்ஸ் கட்டி லிஸ்ட்ல இருக்கற எல்லார் மேலயும்தான் சார்! நேத்து ஒரு மியூசிக் டீச்சர் வந்து கத்திட்டுப் போனாங்க. உங்களைக் கொன்னாத்தான் என் மனசு ஆறும்னாங்க. தெருவே கேட்டுச்சு!"

பட்டறையைப் பூட்டி, பூட்டுக்கு சீல் வைத்தார்கள். டீச்சரைப் பிடித்து வந்து கைரேகை எடுத்தார்கள். சாயங்காலமே ரிப்போர்ட் வந்தது.

உளியில் மாஸ்டருடையதோடு இருந்த இன்னொரு கைரேகை... டீச்சருடையது!

மறுநாள் காலை. ஸ்டேஷன்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி தூங்காத கண்கள். மத்தியானம் கோர்ட்டில் ஆஜர். அதன் பிறகு ஜெயில்.

"நான் கொலை செய்யல சார்."

"உளியில உங்க கை."

"எடுத்தேன் சார். இல்லைன்னு சொல்லல." குரல் தேய்ந்துபோயிருந்தது. "என் பழைய வயலினை வித்துத்தான் அவருக்கு அட்வான்ஸ் கட்டினேன். அன்னியிலேர்ந்து ஸ்கூல்ல கிடக்கற விரிசல் விட்ட வயலினை வச்சு ஓட்டறேன். நேத்து... இல்ல, முந்தாநாள் போறேன். மேஜை மேல என் வயலின் இருக்கு. தந்தி போட்டாச்சு. குடுங்க மாஸ்டர்னேன். 'இன்னும் அது பேசப் பழகலம்மா, அடுத்த மாசம் வாங்க'ன்னார். அங்கதான் சார் பொங்கிட்டேன்."

"குத்திட்டீங்க?"

"ஓங்கினேன்! ஆனா அவர் மூஞ்சியைப் பார்த்தேன். என்னைவிட அவர் களைச்சுப் போயிருந்தார் சார். உளியை வச்சுட்டு அழுதுக்கிட்டே வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். இவள் கொலைகாரி என்று அவருக்கே தோன்றவில்லை. ஆனால் தோன்றுவதை எல்லாம் கோர்ட்டில் சொல்ல முடியாதே!

"சார், கோர்ட் படி ஏறினா வேலை போயிடும். தம்பி என் சம்பளத்துலதான் படிக்கிறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த வயலின் பூட்டின ரூமுக்குள்ளயா சார் கிடக்கு?"

"ஆமா."

"புதுத் தந்தி சார். இழுபட்டுக்கிட்டே இருக்கும், சுருதி இறங்கிக்கிட்டே போகும். தினமும் ரெண்டு தடவையாவது யாராவது முறுக்கிச் சரி பண்ணணும். யாரையாவது விட்டு..."

"ஏம்மா, ஜெயிலுக்குப் போறப்பக்கூட சுருதியா கவலை?"

இன்ஸ்பெக்டருக்கு என்னவோ போல் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஏட்டு... வா. கோர்ட்டுக்கு முன்னாடி இன்னொரு தடவை அந்த ரூமைப் பார்த்துட்டு வந்துடலாம்."

சீல் அப்படியே இருந்தது. பின்கதவு உள்தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

"நேத்து எங்க விட்டமோ அங்கயே இருக்கு சார்" என்ற ஏட்டு, பழக்க தோஷத்தில் தந்தியைச் சுண்டினார்.

டிங்...!

அடுத்தது. டிங்!

ஏட்டின் முகம் வெளிறியது!

"சார்..."

"என்னய்யா?"

"நேத்து இறங்கிக் கிடந்துச்சு சார். இப்ப நாலு தந்தியும் சுத்தமா... அப்படியே கம்பீரமா நிக்குது. யாரோ இப்பத்தான் சுருதி சேர்த்திருக்காங்க!"

"சீல் வச்ச ரூம்ல எவன் வந்து சுருதி சேர்ப்பான்?"

"ஆவி சார்! மாஸ்டரோட ஆவி!" ஏட்டு வாசல் பக்கம் நகர ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் நகரவில்லை. மெதுவாக... தலையை உயர்த்திப் பரணைப் பார்த்தார். கூரை வரை அடுக்கிய பலகைகள். அப்புறம் வயலினைப் பார்த்தார்.

குரலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

"ஏட்டு! இந்த வார்னிஷ்ல ரத்தக்கறை இருக்கற மாதிரி தெரியுது. அந்த உப்புத்தாளை எடு. வழவழன்னு இருக்கே... நல்லா அழுத்தித் தேய்!"

"சார், இவ்வளவு அழகான..."

"தேய்னா தேய்யா!" என்றார், கண்ணடித்துக்கொண்டே.

ஏட்டுக்குப் புரிந்தது. உப்புத்தாளை எடுத்து, மேஜைக் கட்டையில் வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

சர்ர்ரக்!

"டேய் பாவி! தொடாதே! அது இன்னும் காயலடா!"

பரணிலிருந்து ஓர் அலறல்! பலகைகள் சரிந்தன. அடுக்குக்குப் பின்னால் ஆள் படுக்கிற அளவு பொந்து. அதிலிருந்து தலை முழுக்கத் தூசியோடு, இடது கையில் கட்டோடு... மாஸ்டர்!

ஏணியில் இறங்கியவர் போலீஸைப் பார்க்கவில்லை. வயலினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சே விட்டார்.

"வாங்க மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "செத்துப் போனவர் சௌக்கியமா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க... இறங்கிட்டீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நேத்து அந்த அழுகை அழுதீங்களே?"

"அது நிஜ அழுகைதான் சார்! இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு எப்ப அழுதாலும் நிஜமாத்தான் வரும்."

மாஸ்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டீச்சர் போன பிறகு கை நடுங்குச்சு சார். உளி வழுக்கிக் கையைக் கிழிச்சிடுச்சு. தரையில அவ்வளவு ரத்தம். அதைப் பார்த்ததும்... சந்தோஷமா இருந்துச்சு."

"சந்தோஷமா?"

"செத்துப் போனவன்கிட்ட யாரும் 'எப்ப ரெடி'ன்னு கேக்க மாட்டாங்க இல்ல? முடி வெட்டிக்கப் போனா கேக்கறாங்க சார். டாக்டர்கிட்ட போனா, நாக்கை நீட்டச் சொல்லிட்டு டாக்டரே கேக்கறார். அவரும் லிஸ்ட்ல இருக்கார். அவசரமா செஞ்சா கட்டையா இருக்கும், வயலினா இருக்காது. எத்தனை பேருக்கு நான் சொல்லிப் புரிய வைப்பேன்? கண்ணாடியை உடைச்சுக் கரையில போட்டேன். பரண்ல ஏறிப் படுத்தேன். எவ்வளவோ வருஷத்துக்கப்புறம் நேத்துத்தான் நிம்மதியா தூங்கினேன்."

"நீங்க தூங்கினீங்க! ஒரு பொண்ணு லாக்கப்ல உக்காந்து முழிச்சுக்கிட்டு இருந்தா!"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சரை அவ்வளவு சீக்கிரம் பிடிப்பீங்கன்னு நினைக்கல சார்" என்றாள் மனைவி. "போலீஸ்தானே, ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள எதாவது செஞ்சுக்கலாம்னு இருந்தோம்."

இன்ஸ்பெக்டருக்குக் கை பரபரத்தது. உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"சீல் வச்ச ரூம்ல எதுக்குய்யா இறங்கினீங்க? பேசாம படுத்திருந்தா மாட்டியிருக்கவே மாட்டீங்களே!"

"ஏட்டய்யா சுண்டினப்பவே சுருதி இறங்கினது மேல வரைக்கும் கேட்டுச்சு சார்" என்றார் மாஸ்டர், இதுகூடத் தெரியாதா என்பதைப் போல. "எப்படிப் படுத்திருப்பேன்?"

ஸ்டேஷன். டீச்சர் எழுந்து நின்றாள்.

மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கைக்கட்டைப் பார்த்தாள். கத்துவாள், அறைவாள் என்று ஏட்டு இரண்டடி தள்ளியே நின்றார். அவள் அப்படியே பெஞ்சில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிர் திரும்பி வந்த அழுகை.

"மன்னிச்சுடுங்கம்மா" என்றார் மாஸ்டர். "உங்க வயலின் ரெடி. இப்பவே எடுத்துட்டுப் போகலாம்."

அவள் விரலிடுக்கில் பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா. நேத்து ராத்திரிதான் பேச ஆரம்பிச்சுது."

மூன்று வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

அந்தக் கைக்கும் வயலினுக்கும் நடுவில் இன்ஸ்பெக்டரின் கை வந்தது.

"அம்மா... தப்பா நினைக்காதீங்க. பொய்ச் சாவு, பொய்ப் புகார்னு இவங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டாச்சு. செத்தவர் உயிரோட இருந்தார்ங்கறதுக்கு இந்த வயலின்தான் சாட்சி. சீல் வச்ச ரூம்ல சுருதி சேர்த்தப்ப பதிஞ்ச அவரோட கட்டைவிரல் ரேகைகூட வார்னிஷ்ல இருக்கு. இனிமே இது கோர்ட்டோட பொறுப்பு."

"எப்ப சார் திருப்பிக் குடுப்பாங்க?"

"கேஸ் முடிஞ்சதும்."

"கேஸ் எப்ப முடியும்?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார். முதல் முறையாக மாஸ்டரின் களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

டீச்சர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, அலுப்போடு கேட்டாள்:

"சொல்லுங்க சார்... கோர்ட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு கட்டணும்?"