தம்பியை யார் பார்த்துக்கொள்வது?

சாராளின் தம்பி தானியேலுக்கு ஒன்பது மாதம். யார் தூக்கினாலும் முதலில் அவர்கள் மூக்கைத்தான் பிடிப்பான்.

அப்பா இறந்த பிறகு அம்மா மேரி கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடவு முடிந்தால் வேலை இல்லை. வீட்டில் கஞ்சிதான். இப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஆணித் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் கழனியைப்போல அங்கே மரத்தில் தூளி கட்ட முடியாதே!

"நான் ஸ்கூல்ல இருந்து நின்னு தம்பியப் பாத்துக்கிறேம்மா," என்றாள் சாராள்.

"அது மட்டும் வேணாம் கண்ணு. நான் அந்த வேலைக்குப் போகல."

அந்த வாரம் சபைப் போதகர் ஆசீர்வாதம் வந்தார். அப்பா இல்லாத குடும்பங்களுக்குச் சபை மாதாமாதம் பணம் தரப்போகிறதாம்.

"இன்னாத்துக்குச் செலவு பண்ணீங்கன்னு கேக்கவே மாட்டோம்மா," என்று சொல்லி, முதல் மாதப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாராள் உப்பு வாங்கப் போனாள். கடைக்காரர் பச்சையப்பன் சிரித்தார்.

"சும்மா டப்பு வருதாமே! இனிமே உங்கம்மா காலை நீட்டிக்கினு தூங்குவா!"

சாராளுக்கு அழுகை வந்தது. வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் பூவம்மாள் அத்தை உட்கார்ந்திருந்தார். கால் ஒடிந்ததிலிருந்து அவரால் களை பறிக்கப் போக முடியவில்லை. அவர் மடியில் தானியேல் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், மூக்கு எனக்கு வேணும்டா!" என்று அத்தை சிரித்தார்.

சாராள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே ஓடினாள்.

"அம்மா! அந்தப் பணத்த அத்தைக்குக் குடுப்போம். அவங்க தம்பியப் பாத்துக்கட்டும். நீ கம்பெனிக்குப் போ!"

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அத்தை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "கொழந்தையக் கொஞ்சறதுக்குக் கூலியா?"

"கொஞ்சறதுக்கு இல்ல அத்தே. அவன் துணியத் தோய்க்கறதுக்கு!" என்றாள் சாராள்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

திங்கட்கிழமை அம்மா தொழிற்சாலைக்குப் போனாள். சாராள் பள்ளிக்கூடம் போனாள். மாலையில் இருவரும் அத்தை வீட்டுக்கு ஓடினார்கள். தானியேல் அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா ஆசையோடு கைகளை நீட்டினாள்.

அத்தை உதட்டில் விரல் வைத்தார்.

"உஸ்... கொஞ்சம் பொறு மேரி. என் ஷிப்டு இன்னும் முடியல!"