சார்ஜனுக்குக் கட்டளை போடுவது யார்?

சாந்தினியின் வீட்டில் இரண்டு இராணுவத்தினர் இருந்தார்கள். ஒருவர் அவளுடைய அம்மா புஷ்பலதா. வெறும் கோப்ரல்தான். இன்னொருவர் சார்ஜன், அம்மாவைவிடப் பதவியில் பெரியவர். தாடி வைத்திருப்பார். நான்கு கால்களால் நடப்பார். இலை தழை எதுவானாலும் தின்பார்.

ஆமாம், சார்ஜன் ஒரு கடா. பெயர் வைத்தது அப்பா தர்மா.

அம்மா முழுநேரப் படைவீரர் அல்ல. வார நாள்களில் காம்பாரில் ஒரு நூலகத்தில் வேலை. அங்கே கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும். வாரம் முழுக்க அடக்கி வைத்த சத்தத்தையெல்லாம் சனி, ஞாயிறுகளில் தொண்டூழியப் படைப் பயிற்சியில் கொட்டித் தீர்ப்பார். மிச்சம் இருந்தால் அது சார்ஜனுக்கு.

கோப்பெங் பக்கத்தில், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் அவர்கள் வீடு. மாலையில் சார்ஜனை மேய்க்கக் கிளம்பும்போது, பாம்புக்குப் பயந்து அம்மா பூட்ஸ் மாட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டு இருளாயி அக்காவின் மிளகாய்ச் செடியைச் சார்ஜன் நெருங்கினால், பூட்ஸ் கால் டப்பென்று தரையில் இறங்கும். "பெர்ஹெந்தி!" என்று மலாயில் அதட்டுவார். நில் என்று பொருள். சார்ஜன் சிலையாகிவிடும். "செப்பாட் ஜாலான்" என்றால் நடை போட்டு வீடு திரும்பும்.

அந்த அம்மாவுக்குத்தான் இப்போது லெபனானில் அமைதிப் படைப் பணி. ஓர் ஆண்டு. ஞாயிறு காலை கிளம்ப வேண்டும்.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் செமோர் ஊரில் இருக்கும் மாயாண்டி மாமா. வந்தவர் தங்கையைப் பார்ப்பதற்கு முன் சார்ஜனைப் பார்த்தார்.

"பாவம் லா, நீ போய்ட்டா இத யாரு பாத்துக்குவா? நான் கொண்டு போறேன்" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அடுத்த மாதம் மாமா வீட்டருகே முனியாண்டி கோயில் விருந்து என்பது சாந்தினிக்குத் தெரியும். அம்மாவும் போய், சார்ஜனும் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும்?

அம்மா ஒரு முடிவு சொன்னார். தான் கிளம்புவதற்குள் வீட்டில் யார் சொல்லுக்காவது சார்ஜன் கட்டுப்பட்டால் அது இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் செமோர்தான். இருளாயி அக்கா எத்தனை செடியைத்தான் பறிகொடுப்பார்?

அப்பா தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். சார்ஜன் அவர் சட்டை நுனியைத் தின்றது. சாந்தினி அம்மாவின் குரலைக் கைப்பேசியில் பதிந்து ஓட விட்டாள். சார்ஜன் கைப்பேசியையும் தின்னப் பார்த்தது.

சனிக்கிழமை மாலை மாமா வேனோடு வந்துவிட்டார். அம்மா புது பூட்ஸைப் பளபளவென்று தேய்த்துப் பையருகே வைத்துவிட்டு, ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்போடு வாசலில் நின்றார். சார்ஜன் நேராக மிளகாய்ச் செடிக்குப் போனது.

"பெர்ஹெந்தி!"

சார்ஜன் திரும்பக்கூட இல்லை. அம்மா மறுபடியும் கத்தினார். அது இன்னொரு இலையைக் கடித்தது. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"நான் இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள என்னை மறந்துருச்சு" என்றார்.

மாமா கயிற்றை எடுத்தார்.

சாந்தினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். சிலிப்பர். ஆடு மறக்கவில்லை, அதற்கு ஏதோ ஒன்று குறைகிறது. அவள் கொல்லைப்புறம் ஓடி, அம்மாவின் பழைய பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். உள்ளே இன்னொரு சாந்தினிக்கும் இடம் இருந்தது. தடுக்கித் தடுக்கி வாசலுக்கு வந்து, ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள்.

டப்!

"பெர்ஹெந்தி" என்றாள். கத்தவே இல்லை.

சார்ஜன் சிலையானது. வாயில் பாதி மிளகாய் இலை தொங்கியது.

"அட, அது குரலக் கேக்கல. பூட்ஸத்தான் கேக்குது" என்று அப்பா சிரித்தார். மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, விருந்துக்குக் கோழியே போதும் என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை படை வேன் வாசலில் நின்றது. அம்மா சாந்தினியைக் கட்டிப் பிடித்தார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி கட்டிப் பிடித்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அம்மா மூன்றாவது முறையும் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. கால் நகரவில்லை.

சாந்தினிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் காலில் பூட்ஸ் இருந்தது. டப்பென்று மிதித்தாள்.

"செப்பாட் ஜாலான்!"

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். கையை வீசி வேனை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே சார்ஜனும் நடை போட்டது. அதுவும் லெபனான் போய்விடும் போலிருந்தது.

டப். "பெர்ஹெந்தி!"

சார்ஜன் நின்றது. அம்மாவும் நின்றுவிட்டார்.

அப்படியே நிற்க வைத்துவிடலாமா என்று சாந்தினிக்கு ஒரு நொடி ஆசையாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உங்கள இல்லம்மா, சார்ஜனச் சொன்னேன். நீங்க போய்ட்டு வாங்க."