பெரிய ஐயாவின் குரல்

சோழமண்டலக் குடியரசில் தலைவர் கண்ணை மூடினால் முதலில் அவர் தொண்டையைத்தான் திறப்பார்கள். மாலை, மலர்வளையம், ஒப்பாரி எல்லாம் அதற்கப்புறம். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி இருக்கும். பெயர் குரலி. நாட்டை நிறுவிய பெரிய ஐயாவின் குரல் அதில் குடியிருக்கிறது. எடுத்துக் கழுவி வாரிசின் தொண்டையில் வைத்துத் தைத்துவிட்டால் சோலி முடிந்தது. வாரிசு வாயைத் திறந்தால் பெரிய ஐயா பேசுவார். சொந்தக் குரல்நாண் கொஞ்ச நாளில் வற்றிப்போகும்.

வெள்ளைக்காரன் போன கையோடு நாகப்பட்டினத்தைத் தலைநகராக்கித் தனியே பிரிந்துகொண்ட நாடு அது. நம் சரித்திரத்தில் அப்படியொன்று நடக்கவில்லை. அப்படி நடந்த அந்த நாட்டில் தேர்தலெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, குறை சொல்ல முடியாது. ஜனங்கள் பழகிய குரலுக்கு ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது பெரிய ஐயாவின் பேத்தி யாழரசியின் முறை. தலைவராயிருந்த அப்பாவை அடக்கம் செய்தாயிற்று, நாளைக்குக் குரலி வைக்கும் அறுவை. அவள் கதை சொன்னால்தான் மகள் நன்முல்லை சோறு தின்பாள். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு கிழவரின் கட்டைக் குரலில் காக்காய் நரிக் கதை சொல்வதா?

அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். “அப்பாவோட சொந்தக் குரல் எப்படிம்மா இருக்கும்?”

“மறந்துபோச்சுடி. கல்யாணமாகி அஞ்சு வருஷந்தானே கேட்டேன்? அதுக்கப்புறம் காலமெல்லாம் மாமனார் குரலோடதான் குடித்தனம் பண்ணினேன். ‘சாப்டியா’ன்னு ஆசையா கேட்பார், நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு எந்திரிச்சு நிப்பேன்.” சிரிக்கப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. “குரல் வச்சுட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கு நீ கட்டிலுக்கடியில ஓடி ஒளிஞ்சுக்கிட்ட. ‘அப்பாடா கண்ணு, அப்பாதாண்டா’ன்னு அவர் கூப்பிடக் கூப்பிட, நீ இன்னும் உள்ள போன. அன்னிக்கு அழுதாரு பாரு, அந்த அழுகைகூட உங்க தாத்தா அழுதாப்புலதான் இருந்துச்சு.”

யாழரசி அம்மாவின் மடியில் முகம் புதைத்து விம்மினாள். அப்பா என்று ஒரு மனிதரைக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. தன் குழந்தைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அன்று மாலை கடற்கரையில் இரங்கல் கூட்டம். குரல் ஏறும்வரை வாரிசு மேடையில் வாய் திறக்கக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். யாழரசி கும்பிட்டாள், உட்காரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“இது என் குரல். எனக்குப் பதவி வேண்டாம். தகுதியுள்ள ஒருத்தரை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்க. பெரிய ஐயாவை இனிமேலாவது நிம்மதியா தூங்க விடுங்க. என்னை என் பிள்ளைக்கு அம்மாவா இருக்க விடுங்க.”

பேரவைச் செயலாளர் மருதப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் முன்வரிசையில் ஒரு மீன்காரம்மா எழுந்து நின்றாள். “பதவியே வேண்டாங்குதே! அந்தக் குணம் வேற யாருக்கு வரும்? ஐயா ரத்தமாச்சே!”

அடேயப்பா, என்ன ஆரவாரம்! போட்டியே இல்லாமல் யாழரசி தலைவரானாள்.

மறுநாள் மருதப்பன் பொறியாளர் ஒருவரோடு வீட்டுக்கு வந்தார். நேற்றுவரை ‘பாப்பா’ என்று கூப்பிட்டவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

“சந்தோஷமான சேதிம்மா. உங்களுக்கு அறுவையே கிடையாது. உங்க குரல் ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. பழசை அழிச்சிட்டு, குரலியில உங்க குரலையே பதியச் சொல்லிப் பேரவை தீர்மானம் போட்டாச்சு.”

“எனக்குத்தான் சொந்தக் குரல் இருக்கே. அது யாருக்கு?”

மருதப்பன் நன்முல்லையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “இப்பவே அளவெடுத்து வச்சா நல்லதும்மா. நாளைக்கு நாடு தவிக்கக்கூடாது பாருங்க.”

பொறியாளர் மண்டியிட்டுக் குழந்தையின் கழுத்தில் நாடாவைச் சுற்றினார். நன்முல்லை கூச்சம் தாங்காமல் கிலுகிலுவென்று சிரித்தாள்.

“வேண்டாம்!” என்று யாழரசி வீடே அதிரக் கத்தினாள்.

வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்துக்கு அது கேட்டது. மறுபடியும் வேண்டாமென்கிறார் என்று உருகிப்போய், “வாழ்க! வாழ்க!” என்று திருப்பிக் கத்தினார்கள்.