ஐந்து இருபதுக்கு எழுந்து நிற்கும் எலிகள்

இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இளையவள் மூன்றாம் மாடிவரை மூச்சு வாங்க ஏறினாள். கடைசிப் பரீட்சையும் முடிந்தது, விடுதி அறையும் காலி. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் என்கிற மிதப்பு காலில் இருந்தது. கதவைத் திறந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கைய கழுவிட்டு வா, சொல்றேன்."

குழாயடியில் நின்றபடியே சொல்லியும்விட்டாள். அக்கா செத்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

அந்த ஒன்பது நாளும் போனில் பேசியவள்தான் அம்மா. "அக்காகிட்ட குடு" என்று கேட்டபோதெல்லாம் "தூங்கறாடி" என்றவள். தொற்றுக் காய்ச்சல் என்பதால் உடலை வீட்டுக்குத் தரவில்லை. மருத்துவமனையில் இருந்து நேராக மின்மயானம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா மட்டும் பார்த்தாள். இளையவள் அந்த நேரம் இருநூறு மைல் தள்ளி, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அரைப் பக்கம் விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

கத்தினாள். அடுக்களையில் இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டாள். எதுவும் மாறவில்லை. அக்கா அவளுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி மட்டும் போனில் அப்படியே இருந்தது: "நீ வந்ததும் எலிங்கள பாத்துக்கோ. நான் வந்து வாங்கிக்கறேன்."

எலிகள் இரண்டு. அக்கா ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டு கழுவும் வேலை பார்த்தாள். சோதனை முடிந்ததும் மிஞ்சிய எலிகளைக் கொன்றுவிடுவார்கள். அதில் இரண்டைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். அடையாளத்துக்குக் காதில் துளை போட்டது ஓட்டைக்காது. வாலில் பாதி இல்லாதது மொட்டைவால்.

"வீட்ல எலி வந்தா பொறி வெப்பாங்க. இங்க எலிக்குத் தொட்டில் கட்டுது" என்பாள் அம்மா. "கொண்டுபோய்க் குப்பைமேட்டுல விடேன்டி."

"நீ பேசாத. உனக்கு எல்லாத்தையும் சத்தம் போடாம முடிச்சுடணும்" என்று இளையவள் வெடிப்பாள்.

அக்காவின் அறையே இளையவளின் அறையானது. தினம் தண்ணீர்க் குப்பியை மாற்றினாள். கூண்டுக்குள் விரிக்கத் தன் மூன்று வருடக் குறிப்பேடுகளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினாள். அந்தப் படிப்பால் அவளுக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான். ஆனால் எலிகள் உயிர் ஒட்டியிருக்கும் அளவுக்கு எதையோ கொறித்தனவே தவிர, தின்னவில்லை. பட்டாணியை உரித்து வைத்தால் மோந்துகூடப் பார்க்காது. அடுக்களைத் தராசில் நிறுத்தால் வாரத்துக்கு வாரம் முள் கீழே இறங்கியது. இரண்டின் மூக்கிலும் கண்ணோரத்திலும் ரத்தம்போலச் சிவப்பு காய்ந்து கிடந்தது.

கால்நடை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலியக் கொல்ல என்ன வழின்னு கேப்பாங்க. அது பிழைக்க வழி கேட்டு வந்தது நீங்கதாம்மா."

"சிரிச்சது போதும் டாக்டர். இந்த ரத்தம் எதனால?"

"ரத்தம் இல்ல. எலிக்கு மனசு சரியில்லன்னா கண்ல இப்படித்தான் சிவப்பா வரும். நோய் ஒண்ணும் இல்ல. எதுக்கோ ஏங்குது."

ஏங்குகிறதாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர்.

ஆறாவது வாரத்தில்தான் அவள் நேரத்தைக் கவனித்தாள்.

நாள் முழுக்க மூலையில் சுருண்டு கிடப்பவை, மாலை ஐந்து இருபதுக்கு எழுந்துவிடும். முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டும் நிற்கும். அக்கா வேலை முடிந்து, கூண்டு கழுவிய ஈர உடுப்போடு கதவைத் திறக்கும் நேரம் அது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவை கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், ஆள் உயரத்தில், எதையோ பார்த்தன.

அது நகர நகர, நான்கு சிவப்புக் கண்களும் கூடவே நகர்ந்தன.

பிறகு பல்லைக் கடிக்கும் சத்தம். கறகறவென்று, மெல்ல. கண்கள் உள்ளே போய் வெளியே வந்து துடித்தன. முதல்தடவை அதைப் பார்த்து அவள் பயந்தபோது அக்கா சொல்லியிருந்தாள்: "சந்தோஷம் வந்தா இப்படித்தான். சிரிக்குதுடி." பிரியமானவர் கை பட்டால் மட்டும் வரும் சத்தம் அது. ஆறு வாரமாக இவள் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஓட்டைக்காது நாக்கை நீட்டி எதையோ நக்கியது. கம்பிக்கு வெளியே ஒரு விரற்கடை தூரத்தில், காற்றில் நாக்கு முட்டி நின்றது. அங்கே ஒரு விரல் இருப்பதுபோல.

அறையில் கூண்டு கழுவும் மருந்தின் காரநெடி. ஈர மரத்தூள் வாசனை.

தரையில் சொட்டு.

இன்னொரு சொட்டு.

இளையவள் அறையைவிட்டு ஓடினாள். அடுக்களையில் அம்மா கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி?"

"ஒண்ணுமில்ல."

வேறென்ன சொல்வது? அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் ஒழிந்துபோய்விட்டது.

மறுநாள் ஆராய்ச்சிக்கூட வாசலுக்குப் போனாள். அக்காவோடு வேலை பார்த்தவர், கையுறையைக் கழற்றவே மாட்டார் என்பதால் எல்லோருக்கும் 'கிளவுஸ் அண்ணன்', மதிலோரம் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எலிகள் தின்னாததைச் சொன்னாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"உங்க அக்காவ அதுங்களுக்குக் காட்டினீங்களா?"

"என்னண்ணே கேக்கறீங்க?"

"கூண்டுல ஒண்ணு செத்தா நாங்க உடனே எடுக்க மாட்டோம்மா. ஒரு மணி நேரம் விட்ருவோம். மத்ததுங்க வந்து தலையில இருந்து வால்வரைக்கும் மோந்து பாக்கும். அப்புறம் காகிதத்த இழுத்து மூடிட்டு, அதுங்க பாட்டுக்குத் தின்னப் போயிடும். நான் சேர்ந்த புதுசுல அவசரப்பட்டு ஒண்ண எடுத்துட்டேன். கூட இருந்தது தின்னாம கிடந்து கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்துச்சு."

"இதுங்க சத்தமே போடலையே."

"அதோட குரல் நம்ம காதுக்கு எட்டாது, கருவி வெச்சாத்தான் தெரியும்." ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார். குரல் தாழ்ந்தது. "எட்ட வேண்டியவங்களுக்கு எட்டும்."

அவள் போனை எடுத்து மணி பார்த்தாள்.

"அவ கடைசியாப் போட்டிருந்த துணி ஏதாவது இருந்தா கூண்டுக்குள்ள வை. புரிஞ்சுக்கும்." கிளம்பப் போனவர் நின்றார். "நீ பாத்தியாம்மா, அவள?"

"இல்லண்ணே."

அவர், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, கையுறையைக் கழற்றி அவள் தலையில் வெறுங்கையை வைத்தார்.

"அப்போ நீயும் ஒருதரம் மோந்து பாத்துடு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் துணியைக் கேட்டாள். அம்மாவின் பார்வை பீரோவின் மேல் போய்த் திரும்பியது. "அது எதுக்குடி உனக்கு?"

"எலிக்குக் காட்ட. அதுங்களுக்காவது உண்மை தெரியட்டும்."

"நான் என்னடி பண்ணுவேன்? அவதான் சொன்னா. மூச்சு வாங்க வாங்க சொன்னா. 'பரீட்சைய முடிச்சுட்டு வரட்டும், அதுவரைக்கும் வாயத் திறக்காத, என்மேல சத்தியம்'னு. அவ எட்டாவதோட நின்னது உன்ன இதுவரைக்கும் கொண்டுவரத்தானே?"

ஆறு வாரமாக அம்மாமேல் வைத்திருந்த கோபம் போக்கிடம் இல்லாமல் நின்றது. செத்தவள்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? பீரோவின் மேல் இருந்து, மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மணி ஐந்து.

மருத்துவமனை அங்கி. வெளிர்நீலம். பையைப் பிரித்த கையோடு மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு கையகலம் வெட்டிக் கூண்டுக்குள் போட்டாள்.

எலிகள் வந்தன. ஓரத்தில் இருந்து ஓரம்வரை, ஒரு நூல்கூட விடாமல் மோந்தன. ரொம்ப நேரம். பிறகு ஓட்டைக்காது ஒரு காகிதத் துண்டை இழுத்துவந்து துணிமேல் போட்டது. மொட்டைவால் இன்னொன்றை. அவள் கையெழுத்து இருந்த காகிதங்கள். துணி முழுக்க மூடியதும் இரண்டும் திரும்பிப் போய்ப் பட்டாணியைத் தின்ன ஆரம்பித்தன.

இளையவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பட்டாணி வைத்தாள். பிழைத்துவிடும். அக்கா கேட்ட ஒரே காரியம் அது.

மணி ஐந்து இருபது.

எலிகள் தலையைத் தூக்கவில்லை.

காரநெடி வந்தது.

சொட்டுச் சத்தம் கூண்டுப் பக்கம் போனது. நின்றது. எலிகள் தின்றுகொண்டே இருந்தன. அந்த இடத்தில் யாருமே இல்லாததுபோல.

சத்தம் திரும்பியது. கட்டிலை நோக்கி.

மெத்தை அவளுக்குப் பக்கத்தில் மெல்ல அமிழ்ந்தது.

இப்போது அக்காவைக் கூப்பிடுவது எலிகள் இல்லை, தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. மீதி அங்கி மடியில் இருந்தது. முகத்தருகே கொண்டுபோய் ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், முடிந்துவிடும். தூக்கினாள். மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். அம்மா கண்ணாடி வழியாக முடித்தாள். மருத்துவமனை கையெழுத்தோடு முடித்தது. எலிகள்கூட இருபது நிமிடத்தில் முடித்துவிட்டன. இவள் மட்டும் எதற்கு முடிக்க வேண்டும்? யாரைக் கேட்டு?

அங்கியைப் பைக்குள் திணித்து, வாயை இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டாள். எழுந்து ஜன்னலைத் திறந்து, கீழே குப்பைத்தொட்டிக்குள் விழும்படி எறிந்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"பரீட்சை எல்லாம் நல்லா எழுதிட்டேன்க்கா."

பக்கத்தில் மெத்தை இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. ஈரமான ஏதோ ஒன்று அவள் விரல்களுக்கு இடையே நுழைந்து பிடித்துக்கொண்டது. குளிர் தோள்வரை ஏறியது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

காலையில் கண் விழித்தபோது வலது கை மரத்துப்போயிருந்தது. ஆனாலும் எழுந்ததும் கூண்டைத்தான் பார்த்தாள். தட்டு காலி. எலிகளின் மூக்கில் சிவப்பு இல்லை. ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தபடி, பட்டாணியை அந்தக் கையின் உள்ளங்கையிலேயே வைத்துக் கூண்டுக்குள் நீட்டினாள்.

இரண்டும் ஓடி வந்தன.

பட்டாணியைத் தொடவில்லை. மணிக்கட்டில் ஆரம்பித்து, உள்ளங்கை, ஒவ்வொரு விரல், ஒவ்வொரு நகம் என்று நிதானமாக மோந்தன. ரொம்ப நேரம்.

பிறகு ஓட்டைக்காது போய் ஒரு காகிதத் துண்டை இழுத்துவந்து அவள் கட்டைவிரல்மேல் போட்டது.

மொட்டைவால் இன்னொன்றை.